ஓடும் உடல், உழைக்கும் உடல்: அழுத்தச் சுரப்பிகளின் வரலாறு குறித்து

விழுப்புரம் காகுப்பம் ஆயுதப்படை மைதானத்தில் காவலர் தேர்வுக்கான உடல்தகுதிச் சோதனை நடக்கும் நாட்களில் விடிவதற்கு முன்பே வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இதற்காக மாதக்கணக்கில் ஊர் ஊராகப் பையன்கள் ரோட்டோரம் ஓடிப் பழகுகிறார்கள். அவர்கள் ஓடுகிற அதே ரோட்டில் அதே நேரத்தில் கரும்பு வெட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் போகும். ஓடுகிற பையன்களைப் பார்த்து ஒரு பாட்டி ஒருமுறை சொன்னார்: "பாடுபடற ஒடம்புக்கு எதுக்குய்யா எக்சர்சைசு? சும்மா குந்திக்கினு கீறவனுக்குத்தான் அது."

இந்தக் கூற்று பாட்டியுடையது மட்டுமில்லை. உழைப்பே உடற்பயிற்சி என்று மேடையில் முழங்கும் இடதுசாரி நண்பர்களும், நாற்று நட்டதும் அம்மி அரைத்ததும் தான் முன்னோரின் ஆரோக்கிய ரகசியம் என்று எழுதும் மரபுவாதிகளும் கைகோக்கும் இடம் இது. நானும் பல வருஷம் இப்படித்தான் பேசித் திரிந்தேன். தசை சுருங்கி விரிகிறது, மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. இரண்டு உடலிலும் இதேதான் நடக்கிறது. அப்புறம் ஏன் ஓடுகிற உடல் உரம் பெறுகிறது, வெட்டுகிற உடல் ஐம்பது வயதில் உதிர்ந்துபோகிறது? 'சத்தில்லாத சாப்பாடு' என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அது பாதி பதில்தான். மீதிப் பாதியைத் தேடினால் ஒரு சுரப்பியின் வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

சிறுநீரகங்களுக்கு மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைப் பயத்தோடும் கோபத்தோடும் இணைத்தவர் ஹார்வர்டின் வால்டர் கேனன். நாயைப் பார்த்த பூனையின் ரத்தத்தில் அட்ரீனலின் கூடுவதை அவர் காட்டினார். 'எதிர்த்து நில் அல்லது ஓடு' என்று உடல் தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்பது 1915இல் வந்த அவரது நூலின் வாதம். ஆனால் நம் கதைக்கு முக்கியமானது 1936. அந்த ஆண்டு ஜூலையில் மான்ட்ரியலில் இருந்த ஹான்ஸ் செல்யே என்ற இளம் ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் மிகச் சிறிய குறிப்பு ஒன்றை வெளியிட்டார். எலிகளைக் குளிரில் போட்டார், அறுத்தார், மருந்துகளை அளவு மீறிக் கொடுத்தார். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: அட்ரீனல் சுரப்பி வீங்கியது, வயிற்றில் புண் வந்தது, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியது. 'ஸ்ட்ரெஸ்' என்று இன்று ஐ.டி. கம்பெனி ஊழியர் முதல் பத்தாம் வகுப்புப் பிள்ளை வரை சொல்லும் சொல்லுக்கு ஊற்றுக்கண் இந்தக் குறிப்புதான்.

எலிகளுக்குச் செல்யே கொடுத்த துன்பங்களின் பட்டியலில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அளவு மீறிய தசை உழைப்பு. குளிர், கத்தி, விஷம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அதுவும் நிற்கிறது. தைமஸ் எதற்காக இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1961இல் ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிகளின் தைமஸை நீக்கிப் பார்த்தபோதுதான் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு பெரும் வகை அங்கேதான் பக்குவமடைகிறது என்று தெரிந்தது. ஆக, வேலை வாங்கியே ஒரு பிராணியின் எதிர்ப்புச் சக்தியின் பள்ளிக்கூடத்தை இடித்துவிடலாம் என்பதை, அது பள்ளிக்கூடம் என்று தெரியாமலேயே, செல்யே பார்த்துவிட்டார். (அதே செல்யே பிற்காலத்தில் சிகரெட் கம்பெனிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்குச் சாதகமாகப் பேசினார் என்பது அவர்களது ஆவணங்கள் வெளிவந்தபிறகு அம்பலமானது. ஸ்ட்ரெஸ்தான் ஆளைக் கொல்கிறது, புகை இல்லை என்று சொல்ல இந்தச் சொல் எவ்வளவு வசதி!)

தைமஸ் பற்றி இன்னொரு கதையும் இருக்கிறது. விளிம்புநிலை உடல் எப்படி அறிவாக மாற்றப்படுகிறது என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உடற்கூறு மேசைக்கு வந்த சடலங்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டுச் சட்டம் அனாதை விடுதிகளிலும் தர்ம ஆஸ்பத்திரிகளிலும் செத்து, கேட்பாரற்றுக் கிடந்த உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு எடுத்துக் கொடுத்தது. பசியிலும் நோயிலும் ஓயாத பாட்டிலும் கிடந்து செத்த அந்த உடல்களில் தைமஸ் சுருங்கியிருந்தது. அந்தச் சுருங்கிய அளவே பாடப்புத்தகத்தில் 'இயல்பு' ஆனது. அதன்பிறகு, நல்ல நிலையில் இருந்து திடீரென்று தொட்டிலிலேயே இறந்துபோன வசதியான வீட்டுக் குழந்தைகளை அறுத்துப் பார்த்தபோது தைமஸ் 'வீங்கி' இருப்பதாகத் தோன்றியது. உண்மையில் அதுதான் சரியான அளவு. 1889இல் வியன்னாவின் பால்டாவ் இதற்கு ஒரு நோயின் பெயரையே சூட்டினார். இல்லாத அந்த நோயைத் தடுக்க அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கழுத்துக்கும் மார்புக்கும் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்கள். அவர்களில் பலருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததை 1950இலிருந்து மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். ஏழையின் உடலை 'மனித உடல்' என்று எடுத்துக்கொண்டு, அது ஏழையாக்கப்பட்ட உடல் என்பதை மறந்ததன் விலை பணக்காரக் குழந்தைகளுக்கும் விழுந்தது.

சரி, தேகப்பயிற்சி பற்றிய அறிவு எங்கே, யார் உடம்பில் உருவானது? 1927இல் ஹார்வர்டில் 'களைப்பு ஆய்வகம்' ஒன்று திறக்கப்பட்டது. அது மருத்துவப் பள்ளியில் இல்லை, வணிகவியல் பள்ளியின் அடித்தளத்தில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிலாளி ஏன் களைத்துப் போகிறான் என்பது முதலாளியின் கேள்வி. 1947 வரை நடந்த அந்த ஆய்வகத்தார் 1939 கோடையில் மிசிசிப்பிப் பருத்திக் காட்டுக்குப் போய், கறுப்பு, வெள்ளைக் குத்தகைக் கூலிகளை ஓடுபொறியில் ஓடவிட்டு அளந்தார்கள். உலகப்போரின்போது அங்கே உருவான 'ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்ட்' நமது உடற்கல்விக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. 20 அங்குலப் பலகை மீது நிமிடத்துக்கு 30 முறை ஏறி இறங்க வேண்டும், 5 நிமிடம். பின்பு நாடி பார்ப்பார்கள். பி.பி.எட். படித்த எவரும் இதைச் செய்திருப்பார்.

இந்தப் பிரிவினை அம்மணமாகத் தெரிவது தென்னாப்பிரிக்காவில். நிறவெறி ஆட்சிக் காலத்தில் தங்கச் சுரங்க முதலாளிகளின் சங்கம் புதிதாக வரும் கறுப்புத் தொழிலாளர்களை நீராவி நிறைந்த அறைகளில் அடைத்து, பலகை மீது ஏறி இறங்கவைத்து, பூமிக்கடியில் உள்ள சூட்டுக்கு உடம்பைப் பழக்கியது. யார் எவ்வளவு கனமான வேலைக்குத் தாங்குவான் என்று தரம் பிரித்தது. அவர்களது நுரையீரலைச் சிலிக்கா தூசியும் காசநோயும் தின்றன. அதே நாட்டில் 1983இல் பீட்டர்ஸ், பேட்மன் என்ற இருவர் கேப்டவுனில் நடந்த 56 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஓடிய 150 பேரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓடியவர்களில் 33.3 சதவீதம் பேருக்கு அடுத்த இரண்டு வாரத்துக்குள் தொண்டைக் கரகரப்பு, சளி. அதே வீட்டில் ஓடாமல் இருந்தவர்களில் 15.3 சதவீதம். தேகப்பயிற்சியும் நோய் எதிர்ப்பும் என்ற ஆய்வுத்துறையின் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று இது. ஓட்டக்காரரின் சளி ஆராய்ச்சிக் கேள்வியானது. சுரங்கத் தொழிலாளியின் காசம் நஷ்டஈட்டுக் கணக்கில் போனது.

இந்தச் சளி விவகாரம் நாற்பது வருஷமாக நடக்கும் சர்ச்சை. 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானுக்கு அடுத்த வாரம் ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேரும், பயிற்சி எடுத்து ஓடாமல் விட்டவர்களில் 2.2 சதவீதம் பேரும் நோய்வாய்ப்பட்டதாகச் சொன்னதை டேவிட் நீமன் குழு பதிவு செய்தது. கடுமையாக ஓடி முடித்த சில மணி நேரத்தில் ரத்தத்தில் எதிர்ப்பு வெள்ளணுக்கள் குறைந்துவிடுகின்றன, கார்ட்டிசோல் கூடியிருக்கிறது, ஆகவே நோய்க்கு ஒரு 'ஜன்னல்' திறக்கிறது என்றார்கள். கார்ட்டிசோலின் இனத்தைச் சேர்ந்த பொருள் வீக்கத்தையும் எதிர்ப்பாற்றலையும் அமுக்கும் என்பது 1940களின் கடைசியில் மூட்டுவாத நோயாளிகளுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தபோதே தெரிந்தது. அதற்கு 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால் ரத்தத்தில் குறைந்த அணுக்கள் எங்கே போயின என்று பின்னால் கேட்டார்கள். செத்துவிடவில்லை. அட்ரீனலினும் கார்ட்டிசோலும் அவற்றை முதலில் ரத்தத்துக்குள் இழுத்துவிட்டு, பிறகு தோல், நுரையீரல், குடல் என்று கிருமி நுழையக்கூடிய இடங்களுக்கு அனுப்புகின்றன. சிப்பாய்கள் பாசறையிலிருந்து வீதிக்கும் வீதியிலிருந்து போர்க்களத்துக்கும் போவது போல என்றார் ஃபிர்தௌஸ் தாபர். (எதிர்ப்பாற்றலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே படை, எதிரி, எல்லை என்று ராணுவ மொழி வந்துவிடுகிறது. எமிலி மார்ட்டின் 1994இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.) அந்த 'ஜன்னல்' ஒரு கணக்குப் பிழை, ஓட்டக்காரர்களுக்குச் சளி பிடிக்கக் கூட்டமும் பயணமும் தூக்கமின்மையும் காரணமாக இருக்கலாம் என்று 2018இல் கேம்ப்பெல்லும் டர்னரும் வாதிட்டார்கள். முழுதும் முடிவான விஷயமில்லை. ஆனால் மிதமாக, தினந்தோறும் செய்யும் பயிற்சி பற்றிச் சர்ச்சை குறைவு. வாரத்தில் ஐந்து நாளாவது உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சளிக்காய்ச்சல் நாட்கள் 43 சதவீதம் குறைவு என்று நீமன் 2011இல் எழுதினார். பழகிய உடலில் அதே வேலைக்கு அட்ரீனலினும் கார்ட்டிசோலும் முன்னளவு பொங்குவதில்லை. உடம்பு அந்தப் பாரத்தைப் புரிந்துகொண்டுவிடுகிறது.

அப்படியானால் பாட்டி சொன்னது சரிதானே? அவரைவிடப் பழகிய உடல் எது?

இங்கேதான் அளவு என்ற விஷயம் வருகிறது. 2008இல் வெளியான ஹில் குழுவினரின் சோதனையில், ஒருவரது உச்ச சக்தியில் 40 சதவீத வேகத்தில் அரை மணி நேரம் பயிற்சி செய்தபோது கார்ட்டிசோல் கூடவே இல்லை, கொஞ்சம் இறங்கியது. 60, 80 சதவீதத்தில் ஏறியது. இது அரை மணி நேரக் கணக்கு. எட்டு மணி நேர வேலைக்கு? 1979இல் சாஹாவும் கூட்டாளிகளும் இந்தியத் தொழிலாளர்களை வைத்தே ஆராய்ந்து, உச்ச சக்தியில் சுமார் 35 சதவீதத்துக்கு மேல் போகாத வேலைதான் நாள் முழுதும் தாங்கத்தக்கது என்றார்கள். இந்த 35 சதவீதம் கரும்புக் கொல்லைக்கு எப்போதாவது வந்திருக்கிறதா? அங்கே கூலி டன்னுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. கைப் பழக்கம் ஏற ஏற, அதே கூலிக்குச் சுலபமாக வெட்டிவிட்டு உட்கார முடியும் என்றால் பழகிய உடலின் லாபம் அந்த உடலுக்கே சேரும். ஆனால் முன்பணம் வாங்கியிருக்கிறது, ஆலையில் வெட்டு உத்தரவு வந்திருக்கிறது, மேஸ்திரி நிற்கிறார். பழக்கத்தால் மிச்சமான சக்தி இன்னும் நாலு கட்டு வெட்டப் போய்விடுகிறது. சோகை முகத்தில் கிழிக்க, வெயில் ஏற, உடம்பு 35ஐத் தாண்டி எங்கோ நிற்கிறது. உபரி மதிப்பு பற்றி மார்க்ஸ் எழுதியதைச் சுரப்பிகளின் மொழியில் படிப்பது போல இருக்கிறது.

எலிகளிடம் திரும்பிப் போவோம். 2000இல் கொலராடோவில் மொராஸ்கா, ஃபிளஷ்னர் முதலானோர் எலிகளை ஓடுபொறியில் கட்டாயமாக ஓடவைத்துப் பழக்கினார்கள். தசையில் பயிற்சியின் நல்ல மாற்றங்கள் வந்தன. கூடவே அட்ரீனல் பெருத்தது, தைமஸ் சுருங்கியது. செல்யே 1936இல் பார்த்த அதே ஜோடி. ஒரே உடம்பில் 'உரமும்' நோயும் சேர்ந்தே வந்தன. கூண்டில் சக்கரத்தை வைத்துவிட்டு விரும்பினால் ஓடு என்று விட்ட எலிகளில் கதை வேறு. அவை ஓடின. பின்பு அவற்றுக்கு வேறு துன்பம் தரப்பட்டபோதுகூட எதிர்ப்பாற்றல் தாக்குப்பிடித்தது.

இதைப் படித்தவுடன் 'சுதந்திரம்தான் மருந்து' என்று எழுதிவிட எனக்கும் கை துடித்தது. ஆனால் 2013இல் அதே பல்கலைக்கழகத்தின் கிரீன்வுட் குழு இன்னொன்று செய்தது. எலி தானாக ஓடும்போது எப்படி ஓடுகிறதோ, கொஞ்சம் ஓடி, நின்று, மறுபடி கொஞ்சம் ஓடி, அந்தத் தாளத்தை அப்படியே மோட்டார் சக்கரத்தில் வைத்துக் கட்டாயமாக ஓடவைத்தார்கள். கட்டாயம்தான், ஆனாலும் அந்த எலிகளும் பாதுகாக்கப்பட்டன. ஆக, விருப்பம் என்ற மனநிலையைவிட, ஓட்டத்துக்குள் நிற்பதற்கு இடம் இருந்ததா என்பது முக்கியமாகிறது. உடம்புக்குத் தேவையான நேரத்தில் உடம்பு நிற்க முடிந்ததா? எலியைக் கொண்டு மனுஷனை முடிவு செய்ய முடியாதுதான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கச் சங்கத் தோழர்களுக்குச் சுரப்பியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மனிதர்களிடமும் தடயங்கள் உண்டு. ஷெல்டன் கோஹன் 1998இல், சம்மதித்து வந்தவர்களின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார். ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்ட நெருக்கடிகள் நோயைக் கூட்டவில்லை. ஒரு மாதமோ அதற்கு மேலோ நீண்ட நெருக்கடிகள் கூட்டின. அவற்றில் முதன்மையானவை வேலையின்மை, அரைகுறை வேலை, தீராத உறவுச் சிக்கல். பாரம் இறங்காமலேயே கிடக்கும் உடலின் தேய்மானத்துக்கு மெக்யூவன் 1993இல் தனிப் பெயரே வைத்தார். கடுமையான உடலுழைப்பு வேலையில் இருக்கும் ஆண்களுக்கு முன்கூட்டியே இறக்கும் அபாயம், உட்கார்ந்த வேலைக்காரர்களைவிட 18 சதவீதம் கூடுதல் என்று 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு ஒன்று சொன்னது. ஓய்வுநேரத்தில் செய்யும் பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது, வேலையில் செய்யும் அதே அசைவு குறைக்கிறது. இதை 'முரண்' என்று பெயரிட்டார்கள். வறுமையையும் பீடியையும் சரியாகக் கழித்தால் இந்த முரண் கரைந்துவிடும் என்று நார்வேக்காரர்கள் 2021இல் மறுத்தார்கள். வறுமையை ஒரு உடம்பிலிருந்து 'கழிப்பது' எப்படி என்று கூலிவேலை செய்யும் யாரிடமாவது கேட்டிருந்தால் முதலில் முரணே தோன்றியிருக்காது.

நமது மண்ணில் இந்தச் சோதனை எலிகளுக்கு முன்பே மனிதர்களை வைத்து நடந்திருக்கிறது. தாது வருஷப் பஞ்சம், 1876-78. விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தன. 1877 ஜனவரியில் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்து நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் மண் வெட்டிச் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், அதோடு கொஞ்சம் காசு. ஒரு மனுஷ உடம்பை எவ்வளவு குறைந்த தீனியில் வேலை செய்யவைக்க முடியும் என்பதற்கான 'பரிசோதனை' என்ற தொனியிலேயே இது பேசப்பட்டது. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். ஜெயில் கைதிகளின் உணவு பற்றி முன்பே ஆராய்ந்தவர் அவர். உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், ஒரு பவுண்டில் வேலை வாங்கினால் உடம்பு தன்னையே தின்னும், நோய் வந்து முடிக்கும் என்பது அவர் கட்சி. கார்னிஷ் புரட்சிக்காரர் அல்ல, அரசாங்கத்தின் ஆள்தான். ஆனால் முகாம்களில் எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு எழுதினார். பின்பு சென்னை அரசு அளவைக் கூட்ட வேண்டிவந்தது. அதற்குள் காலரா, வயிற்றுக்கடுப்பு, அம்மை. பஞ்சத்தில் பெரும்பாலோர் வெறும் பட்டினியால் சாவதில்லை, பட்டினி திறந்துவிட்ட கதவு வழியே வரும் நோயால் சாகிறார்கள். இந்தக் கதவின் பெயர்களில் ஒன்று தைமஸ் என்று இப்போது தெரியும். உணவுக் குறைவில் அது சுருங்குகிறது, கார்ட்டிசோல் ஏறுகிறது. அதோடு மண்வெட்டியும் சேர்ந்தால்? 1968இல்தான் ஸ்க்ரிம்ஷா, டெய்லர், கார்டன் மூவரும் ஊட்டக் குறைவும் தொற்றும் ஒன்றையொன்று வளர்ப்பதை உலகச் சுகாதார நிறுவனத்துக்காகத் தொகுத்து எழுதினார்கள். கார்னிஷுக்குத் தொண்ணூறு வருஷம் கழித்து.

அந்தப் பஞ்சத்தில் கூலிகள் வெட்டியதுதான் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரையே கால்வாய் முழுவதற்கும் வைத்தார்கள். அதன் தெற்கு முனை நம் மரக்காணம். அங்கே உப்பளங்களில் இன்றும் வெறுங்காலோடு பாத்தியில் உப்பு வாருகிறார்கள்.

உழைப்பு இப்படி ஒரு பக்கம் நடக்க, 'தேகப்பயிற்சி' என்ற நிறுவனம் இன்னொரு வாசல் வழியே வந்தது. 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் வழியாகப் பள்ளிகளுக்கு டிரில் மாஸ்டர்கள் வந்தார்கள். வரிசையில் நில், இடைவெளி விடு, விசிலுக்குக் கை தூக்கு. ஃபூக்கோ சொல்லும் பணிந்த உடல்களைத் தயாரிக்கும் பட்டறை என்று இதைச் சுலபமாகத் திட்டிவிடலாம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் யாரைப் பணியவைத்தார்கள், யாரை அந்தப் பணிதலுக்குக்கூட லாயக்கில்லை என்று ஒதுக்கினார்கள் என்பதையும் கேட்க வேண்டும். நான் படித்த பள்ளியில் டிரில் பீரியடில் காலனிப் பையன்களைக் கிரவுண்டில் புல் செதுக்க விடுவார்கள். நாங்கள் கபடி ஆடினோம். அதே வெயில், அதே நாற்பது நிமிஷம். நாங்கள் மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொண்டோம். அவர்கள் உட்கார்ந்தால் மாஸ்டர் கத்துவார். இரண்டு கூட்டத்தின் ரத்தத்தையும் அன்றைக்கு எடுத்து அளந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் ஓடுவதற்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அன்று உயிர் பிழைக்க ஓடியவர்களின் அட்ரீனலின் கேனன் எழுதியபடியே வேலை செய்திருக்கும். ஆபத்து கடந்ததும் உடம்பு அடங்கிவிடும் என்பது கேனனின் பூனைக்குப் பொருந்தும். நாய் போய்விட்டது. ஆனால் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் அதே ரோட்டில்தான் மறுநாளும் நடக்க வேண்டும் என்றால் எப்போது அடங்கும்? திண்டிவனம், செஞ்சிப் பக்கங்களில் இருளர்களோடு பேராசிரியர் கல்யாணி போன்றவர்களும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் செய்துவந்த வேலையைத் தெரிந்தவர்களுக்கு, பொய் வழக்குக்குப் பயந்து இரவில் வீட்டில் படுக்காத குடும்பங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. செங்கல் சூளையிலிருந்தும் மரம் வெட்டும் இடத்திலிருந்தும் இருளர் குடும்பங்களை மீட்டதாக அதற்குப் பிறகும் பல காலம் செய்தி வந்துகொண்டிருந்தது. இரவில் கார்ட்டிசோல் தாழ்ந்து விடியலில் ஏறுவது உடம்பின் நியதி. தூக்கமில்லாத இரவு அந்த நியதியைக் குலைக்கும்.

முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையும் இருக்கிறது, 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் 2020இல் இந்தப் பகுதிக்கே ஒரு நோயின் பெயரைக் கொடுத்தார்கள். 'தொண்டைமண்டலச் சிறுநீரக நோய்'. சர்க்கரை நோயும் இல்லை, ரத்தக்கொதிப்பும் இல்லை, சிறுநீரகம் மட்டும் மெல்லச் சுருங்கிப் போகிறது. நோயாளிகளில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகள். மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டுத் தொழிலாளர்களிடம் இதே மாதிரி நோய் முன்பே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றிருக்கிறது. வெயிலும் தண்ணீரில்லாமையும் ஓய்வில்லாத உழைப்பும் சேர்ந்த சேதம் என்பது அங்கே வலுவான கருத்து. நிகரகுவாவில் கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், நிழல், கட்டாய இடைவேளை என்று கொண்டுவந்து பார்த்ததில் அறுவடைக் காலச் சிறுநீரகச் சேதம் குறைந்தது. கேரளத்தில் கோடைதோறும் நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை ஆணை போடுகிறது. நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் டன்னுக்கு எவ்வளவு என்பது முதலில் இருக்கும். எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலில் உட்காரலாம் என்ற கேள்வி அதில் இருந்து நான் பார்த்ததில்லை. உட்காருகிற நேரத்துக்கும் கூலி இல்லையென்றால் நிழல் போட்டுக் கொடுத்தும் பயனில்லை என்பதால் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அந்தப் பாட்டியை இன்னொரு நாள் கொல்லையிலேயே பார்த்தேன். பேரன் போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுகிறானாம். ஓடி முடித்ததும் அவனுக்கு முட்டையும் வாழைப்பழமும் கொடுக்கிறார்கள், அப்புறம் ஒரு மணி நேரம் படுத்துக்கொள்கிறான் என்றார். "கோச்சு சொல்லிக்கீறாராம், ஓடறதவிட ரெஸ்ட்டு முக்கியம்னு." நீங்கள் எப்போது உட்காருவீர்கள் என்று கேட்டேன். கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தார். "டன்னு கணக்குய்யா. நான் குந்திட்டா கத்தி தானா வெட்டுமா?"